எந்த விதி உடைகிறது? பகுத்தறிவுத் தேர்வு மாடலும் மனிதர் தேர்வும் (விவாத இழை)

#1 தராசு

"மனிதர்கள் பகுத்தறிவோடு முடிவெடுப்பதில்லை" என்ற வரி தினமும் எங்காவது கண்ணில் படுகிறது. கூடவே மனச்சாய்வுகளின் நீண்ட பட்டியல் ஒன்றும் வரும். அந்தப் பட்டியலை வைத்து எதையும் கணிக்க முடியாது. ஒருவர் வாங்கினால் அதற்கு ஒரு சாய்வு, வாங்காவிட்டால் இன்னொரு சாய்வு என்று நடந்து முடிந்த பிறகு பெயர் வைக்கத்தான் அது உதவும்.

இங்கே வேறு மாதிரி பேசலாம். பகுத்தறிவுத் தேர்வு மாடல் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துக்கொள்வோம். வான் நியூமனும் மார்கென்ஸ்டெர்னும் 1944-ல் வெளியிட்ட நூலின் 1947 பதிப்பில் நிரூபணம் இருக்கிறது. இன்றைய பாடநூல்கள் அதை நான்கு விதிகளாகச் சொல்கின்றன.

முழுமை: எந்த இரண்டைக் கொடுத்தாலும் இது மேல், அது மேல், இரண்டும் சமம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிய வேண்டும். கடப்பு: முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல் என்றால் முதலாவது மூன்றாவதைவிட மேல். தொடர்ச்சி: நல்லதையும் கெட்டதையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்தால் நடுத்தரமானதற்குச் சமமாக்கலாம். சாராமை: இரண்டு வாய்ப்புகளிலும் ஒரே பங்கு பொதுவாக இருந்தால், அந்தப் பொதுப் பங்கு முடிவைப் புரட்டக் கூடாது.

இந்த நான்கும் பொருந்தினால், எதிர்பார்க்கப்படும் பயன்பாட்டை (ஒவ்வொரு விளைவும் அவருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டியதை) உச்சமாக்குபவர் போலவே ஒருவர் நடந்துகொள்வார். மனிதர் சுயநலக்காரர் என்றோ தலைக்குள் கணக்குப் போடுகிறார் என்றோ இதில் எங்கும் சொல்லவில்லை. அநியாயமான பங்கீட்டை மறுத்து, வந்த பணத்தையும் விட்டுவிடுபவர்கூட நான்கையும் மீறாமல் இருக்க முடியும். அவருக்கு நியாயமும் பயன்பாட்டின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ஆகவே என் கேள்வி: எந்த விதி, எந்த இடத்தில், எவ்வளவு தூரம் உடைகிறது? தேர்வுத் தரவை வைத்து மாடல் கட்டுபவர் எந்த விலகலைச் சேர்க்க வேண்டும், எதைச் சத்தம் (தற்செயலான பிசகு) என்று ஒதுக்க வேண்டும்?

#2 நிகழ்தகவன்

சாராமையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உடைப்பு இங்கே எண்ணாகவே கிடைக்கிறது. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் மோரிஸ் அலே 1953-ல் வெளியிட்ட கேள்வி ஜோடி இது. தொகை பழைய பிராங்கில்.

முதல் கேள்வி:
அ) 10 கோடி, நிச்சயமாக.
ஆ) 10 சதவீத வாய்ப்பில் 50 கோடி, 89 சதவீத வாய்ப்பில் 10 கோடி, 1 சதவீத வாய்ப்பில் ஒன்றுமில்லை.

இரண்டாம் கேள்வி:
இ) 11 சதவீத வாய்ப்பில் 10 கோடி, இல்லையென்றால் ஒன்றுமில்லை.
ஈ) 10 சதவீத வாய்ப்பில் 50 கோடி, இல்லையென்றால் ஒன்றுமில்லை.

முதலாவதில் "அ", இரண்டாவதில் "ஈ" என்று பலர் எடுக்கிறார்கள். கணக்கைப் போடுவோம். ஒன்றுமில்லாததன் பயன்பாடு 0, 10 கோடியின் பயன்பாடு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கோடியின் பயன்பாடு இதைப் போல எத்தனை மடங்கு என்பது மட்டும்தான் தெரியாத எண். "அ" மேல் என்றால் 1 என்பது (0.10 × மடங்கு + 0.89)-ஐவிடப் பெரிது, அதாவது மடங்கு 1.1-க்குக் கீழே. "ஈ" மேல் என்றால் 0.10 × மடங்கு என்பது 0.11-ஐவிடப் பெரிது, அதாவது மடங்கு 1.1-க்கு மேலே.

ஒரே எண் 1.1-க்குக் கீழேயும் மேலேயும் இருக்க முடியாது. இவர் துணிச்சல்காரரா பயந்தவரா, பணக்காரரா ஏழையா என்பதெல்லாம் இங்கே செல்லாது. பயன்பாட்டு வளைகோட்டை எப்படி வளைத்தாலும் இந்த இரண்டு பதில்களும் ஒன்றாக நிற்காது. அதனால்தான் இதை மிக வலுவான சான்றாக மதிக்கிறேன். "அவர் ரசனை அப்படி" என்று சொல்லித் தப்பிக்க இதில் வழியே இல்லை.

#3 வெண்பலகை

தப்பிக்க வழியில்லை என்பது சரி. ஆனால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதே? இந்த மாடலை ஆதரித்த புள்ளியியலாளர் லியனார்ட் சாவேஜ் தாமே இந்தக் கேள்விகளுக்கு "அ", "ஈ" என்று பதில் சொன்னவர். பிறகு 100 சீட்டுகள் கொண்ட குலுக்கலாக எழுதிப் பார்த்தார்:

சீட்டு 1: அ 10, ஆ 0 | இ 10, ஈ 0
சீட்டு 2 முதல் 11: அ 10, ஆ 50 | இ 10, ஈ 50
சீட்டு 12 முதல் 100: அ 10, ஆ 10 | இ 0, ஈ 0

(எல்லாம் கோடியில்.) கடைசி 89 சீட்டுகளில் இரண்டு பக்கமும் ஒன்றே. முதல் 11 சீட்டுகளில் இரண்டு கேள்வியும் அச்சுப் பிசகாமல் ஒன்றே. இதைப் பார்த்த பிறகு தம் இரண்டாவது பதிலைத்தான் மாற்றிக்கொண்டார். மாடல் நம் நடத்தையைப் படம் பிடிக்கவில்லை. நம் தவறைக் காட்டும் அளவுகோலாக நிற்கிறது. 1954-ல் வந்த அவர் நூலின் நிலைப்பாடு அதுதான்.

#4 நிகழ்தகவன்

சாவேஜ் மாற்றிக்கொண்டார். எல்லோரும் மாற்றிக்கொள்வதில்லை. உளவியலாளர்கள் ஸ்லோவிக்கும் ட்வெர்ஸ்கியும் 1974-ல் இரண்டு தரப்பு வாதத்தையும் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். படித்த பிறகும் பெரும்பாலோர் அலேயின் பக்கமே நின்றார்கள். கவனக்குறைவு மட்டும் காரணமாக இருந்தால் விளக்கியதும் போயிருக்க வேண்டும்.

விதியை அளவுகோலாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. நடத்தையைக் கணிக்கும் மாடலில் அதை அப்படியே வைத்தால் கணிப்பு தவறும். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துச் சொல்லாததால்தான் பாதி வாதங்கள் முடியாமல் நீள்கின்றன.

#5 வளைகோடு

அந்த 1.1-ஐ வைத்தே தொடர்கிறேன். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் முன்வைத்து, 1992-ல் திருத்திய கோட்பாட்டில் மூன்று மாற்றங்கள். மொத்தச் சொத்தை விட்டுவிட்டு, ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது. இழப்புக்கு லாபத்தைவிடக் கூடுதல் எடை. நிகழ்தகவை அப்படியே எடுக்காமல் வளைத்து எடுப்பது.

மூன்றாவதுதான் அலேக்கு மருந்து. 1992 ஆய்வு லாபங்களுக்குத் தந்த அளவுரு (எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்) 0.61. அதைச் சூத்திரத்தில் போட்டால் 1 சதவீத வாய்ப்பு மனத்தில் 5.5 சதவீத எடை பெறுகிறது. 10 சதவீதம் 18.6 ஆகிறது, 11 சதவீதம் 19.5, 50 சதவீதம் 42, 99 சதவீதம் 91. இரண்டு ஓரங்களைப் பாருங்கள்: முடியாதது முடியலாம் என்று ஆகும் இடத்திலும், நிச்சயம் நிச்சயமில்லாமல் போகும் இடத்திலும் 1 சதவீதம் மிகப் பெரியதாகத் தெரிகிறது. நடுவில் 10-க்கும் 11-க்கும் இடையே அதே 1 சதவீதம் கிட்டத்தட்டக் கரைந்துபோகிறது.

இந்த எடைகளை அலே கேள்வியில் போட்டால், "அ" மேல் என்பதற்கு மடங்கு 1.47-க்குக் கீழே இருந்தால் போதும். "ஈ" மேல் என்பதற்கு 1.05-க்கு மேலே இருந்தால் போதும். 1.1 என்ற ஒற்றைப் புள்ளியில் அடைபட்டிருந்த கதவு 1.05 முதல் 1.47 வரை திறந்துகொள்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் கவனிப்பதில்லை. அதே 1992 ஆய்வின் இன்னொரு அளவுரு, தொகைக்கான அடுக்கு 0.88. 50 கோடி என்பது 10 கோடியின் ஐந்து மடங்கு; ஐந்தின் 0.88 அடுக்கு 4.12. அது கதவுக்கு வெகு வெளியே! அந்த எண்களை அப்படியே வைத்துக் கணித்தால் எல்லோரும் "ஆ"-வைத்தான் எடுக்க வேண்டும். மடங்கு 1.47-க்குள் வர அடுக்கு 0.24-க்குக் கீழே இறங்க வேண்டும். காரணம் எளிது: அந்த அளவுருக்கள் 25 மாணவர்களிடம், இதைவிட எவ்வளவோ சிறிய தொகைகளில் எடுத்தவை. ஒரே அடுக்கு நூற்றுக்கும் கோடிக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வடிவத்தைக் கடன் வாங்கலாம், அளவுருவைக் கடன் வாங்காதீர்கள்.

வடிவம் உறுதியாகவே நிற்கிறது. 1979-ன் கேள்விகளை 19 நாடுகளில், 13 மொழிகளில், 4,098 பேரிடம் மறுசோதனை செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான கேள்விகளில் அதே திசைதான் வந்தது; விளைவின் அளவு சிலவற்றில் குறைந்தது.

#6 வெண்பலகை

நிகழ்தகவே தெரியாத இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்ஸ்பெர்க், 1961: ஒரு ஜாடியில் 90 பந்துகள். 30 சிவப்பு. மீதி 60-ல் கறுப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை என்று தெரியாது. "சிவப்பு வந்தால் பரிசு", "கறுப்பு வந்தால் பரிசு" இரண்டில் பலர் சிவப்பை எடுக்கிறார்கள். "சிவப்பு அல்லது மஞ்சள்", "கறுப்பு அல்லது மஞ்சள்" இரண்டில் பின்னதை எடுக்கிறார்கள். முதல் பதில் கறுப்பு 30-க்குக் குறைவு என்கிறது, இரண்டாவது பதில் 30-க்கு மேல் என்கிறது. எடையை எப்படி வளைத்தாலும் இது தீராது, ஏனென்றால் வளைக்க ஒரு நிகழ்தகவே இல்லை. தரவில் "வாய்ப்பு தெரியாது" வகைக் கேள்விகள் இருந்தால் அவற்றைத் தனியாக வையுங்கள்.

#7 கூர்நோக்கு

தராசு நான்கு விதி சொன்னார். எழுதப்படாமல் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, என் கணிப்பில் அதிகம் உடைவதும் அதுதான்: ஒரே பொருளை எப்படிச் சொன்னாலும், எப்படிக் கேட்டாலும் விடை மாறக் கூடாது. இது இல்லாமல் மற்ற நான்கையும் சோதிக்கவே முடியாது. அவ்வளவு இயல்பானது என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை.

சொல்லும் விதம் மாறினால் என்ன ஆகிறது என்பதற்கு 1981-ன் நோய்க் கேள்வி. 600 பேர் சாகக்கூடிய நோய். "200 பேர் பிழைப்பார்கள்" என்ற உறுதியான திட்டமா, "மூன்றில் ஒரு வாய்ப்பில் 600 பேரும் பிழைப்பார்கள், மூன்றில் இரண்டு வாய்ப்பில் யாரும் பிழைக்க மாட்டார்கள்" என்பதா? 72 சதவீதம் பேர் உறுதியானதை எடுத்தார்கள். அதையே "400 பேர் சாவார்கள்" என்று இன்னொரு குழுவிடம் கேட்டபோது உறுதியானதை எடுத்தவர்கள் 22 சதவீதம். உயிர்களின் எண்ணிக்கை ஒன்றே. குறிப்புப் புள்ளிதான் "எல்லோரும் செத்தார்கள்" என்பதிலிருந்து "எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்பதற்கு நகர்ந்துவிட்டது.

கேட்கும் விதம் மாறினால்? லிக்டென்ஸ்டைனும் ஸ்லோவிக்கும் 1971-ல் கொடுத்த ஜோடி ஒன்று: முதல் பந்தயத்தில் 99 சதவீத வாய்ப்பில் 4 டாலர் கிடைக்கும், 1 சதவீத வாய்ப்பில் 1 டாலர் போகும். இரண்டாவதில் 33 சதவீத வாய்ப்பில் 16 டாலர், 67 சதவீத வாய்ப்பில் 2 டாலர் நஷ்டம். சராசரி மதிப்பு 3.95, 3.94; வித்தியாசமே இல்லை. "எது வேண்டும்" என்றால் பலர் முதலாவதை எடுக்கிறார்கள். "உங்களிடம் இருந்தால் எவ்வளவுக்கு விற்பீர்கள்" என்றால் அதே ஆட்கள் இரண்டாவதற்கு அதிக விலை சொல்கிறார்கள். விலை கேட்டால் மனம் 16 என்ற தொகையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்குகிறது, போதுமான அளவு இறங்குவதில்லை. எது வேண்டும் என்றால் வாய்ப்பைப் பார்க்கிறது. இது உளவியலாளர்களின் சோதனைக் கோளாறு என்று காட்டவே கிரெதர், பிளாட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1979-ல் கட்டுப்பாடுகளை இறுக்கிச் செய்து பார்த்தார்கள். விளைவு போகவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டதற்கு அவர்களை மதிக்க வேண்டும்.

மாடல் கட்டுபவருக்கு இதன் பொருள்: விலை கேட்டு எடுத்த தரவையும், தேர்வு கேட்டு எடுத்த தரவையும் ஒரே குவியலில் கொட்டி ஒரு பயன்பாட்டு வளைகோட்டைப் பொருத்தாதீர்கள்.

#8 தராசு

மிகவும் பயனுள்ள பதிவுகள். இழப்பு எடையை நேரடியாக அளக்க என்ன செய்ய வேண்டும்? எங்கும் 2.25 என்றே எழுதியிருக்கிறார்கள்.

#9 வளைகோடு

முதலில் அந்த 2.25 பற்றி. "இழப்பு 2.25 மடங்கு வலிக்கும், ஆகவே 100 இழக்கும் பந்தயத்தில் 225 லாபம் காட்டினால் ஏற்பார்கள்" என்று எழுதுகிறார்கள். அந்த மாடலின்படியே அது தவறு. பாதிப் பாதி வாய்ப்புக்கு லாபப் பக்கம் எடை 0.42, இழப்புப் பக்கம் 0.45. தொகையின் அடுக்கு 0.88-ஐயும் சேர்த்தால் ஏற்கும் லாபம் சுமார் 274.

அளக்கும் வழி: பாதிப் பாதி வாய்ப்பு, இழப்பு 100 என்று நிறுத்திவிட்டு, லாபத்தை 50-லிருந்து 400 வரை 25, 25 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று பதில். மறுப்பு ஏற்பாக மாறும் இடம்தான் மாற்றுப் புள்ளி. தொகை சிறியது என்றால் அந்த லாபத்தை 100-ஆல் வகுத்தது தோராயமான இழப்பு எடை (நிகழ்தகவு எடைகளின் சிறிய வித்தியாசத்தை விட்டுவிட்டால்). இதில் கெடும் இடங்கள்:

பட்டியலின் நடு. தெரியாதவர்கள் நடுவில் மாறுவார்கள். பட்டியல் 50 முதல் 400 என்றால் நடு 225. பாருங்கள், நீங்கள் தேடிய 2.25 தானாகவே கிடைத்துவிடும்! வாலசெக்கும் ஸ்டூவர்ட்டும் 2015-ல் இழப்பு வீச்சையும் லாப வீச்சையும் மாற்றிப் போட்டபோது, இழப்பு எடையே மறைந்தும் தலைகீழாகவும் போனது. குறைந்தது இரண்டு வீச்சுகளில் இரண்டு குழுக்களிடம் ஓட்டுங்கள். மாற்றுப் புள்ளி வீச்சோடு நகர்ந்தால் நீங்கள் அளந்தது பட்டியலைத்தான்.

சும்மா இருத்தல். மறுப்பது என்றால் எதுவும் செய்யாமல் இருப்பதும்கூட. இழப்பு வெறுப்பையும் சோம்பலையும் பிரிக்க, மறுப்புக்குப் பதில் "20 லாபம் அல்லது 10 இழப்பு" போன்ற சிறிய பந்தயம் ஒன்றை வையுங்கள். இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும்.

முன்பணம். உண்மையாகவே பணத்தை இழக்க வைக்க முடியாது என்பதால் முதலில் ஒரு தொகை கொடுத்து அதிலிருந்து கழிப்பார்கள். அந்தப் பணம் இன்னும் "என் பணம்" ஆகாததால் இழப்பு எடை குறைவாக வரும். சில நாள் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பல முறை மாறுதல். ஏற்பு, மறுப்பு, மறுபடி ஏற்பு என்று தாவுபவர்களைத் தூக்கி எறியாதீர்கள். எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். கேள்வி புரியவில்லை என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி.

கடைசியாக, பலர் கண்ணுக்குத் தப்புவது: எல்லாக் கேள்விகளிலும் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து அதற்கு மட்டும் பணம் தருவது வழக்கம். ஆனால் குலுக்கல் தனித்தனிக் கேள்வியின் பதிலை மாற்றாது என்று நம்புவதற்கே சாராமை விதி தேவை. ஹோல்ட் 1986-ல் சுட்டிக்காட்டியது இதைத்தான். சாராமையைச் சோதிக்கும் ஆய்வு சாராமையின் தோளில் நிற்கக் கூடாது. அங்கே ஒருவருக்கு ஒரே கேள்வி என்று வைப்பதுதான் சுத்தம். ஆட்கள் அதிகம் தேவைப்படும், வேறு வழியில்லை.

இழப்பு எடையை வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. ராபின் 2000-ல் காட்டிய கணக்கு: எவ்வளவு சொத்து இருந்தாலும் "பாதி வாய்ப்பில் 100 இழப்பு, பாதி வாய்ப்பில் 110 லாபம்" என்பதை மறுப்பவர், மொத்தச் சொத்தின் பயன்பாட்டை வைத்தே முடிவெடுப்பவராக இருந்தால், 1,000 இழக்கும் பாதி வாய்ப்புக்கு எதிரே எவ்வளவு பெரிய லாபம் காட்டினாலும் மறுக்க வேண்டும். அப்படி யாரும் நடப்பதில்லை. சிறிய தொகையில் காட்டும் தயக்கத்துக்குச் சொத்து வளைகோடு காரணமாக இருக்க முடியாது.

#10 அங்காடி

ஆய்வுக்கூடத்தில் ஒருவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பதற்கும் சந்தைக்கும் தூரம் அதிகம். தனஞ்செய் கோடே, ஷியாம் சுந்தர் இருவரும் 1993-ல் கணினியில் மூளையே இல்லாத வியாபாரிகளை உருவாக்கினார்கள். விலையை எழுந்தமானமாகச் சொல்லும் நிரல்கள். ஒரே கட்டுப்பாடு, நஷ்டத்துக்கு விற்கவோ வாங்கவோ கூடாது. வாங்குபவரும் விற்பவரும் விலை சொல்லும் இருபக்க ஏலத்தில் விட்டபோது கிடைக்கக்கூடிய மொத்த ஆதாயத்தில் 100 சதவீதத்தை ஒட்டி வந்தது. பகுத்தறிவு ஆட்களிடம் இல்லாவிட்டாலும் ஏல விதிகளில் இருக்கலாம்.

இன்னொன்று பழக்கம். தன்னிடம் உள்ள பொருளை விட மனம் வராத விளைவைப் பற்றி ஜான் லிஸ்ட் 2003-ல் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள் கைமாறும் சந்தையில் சோதித்தார். புதியவர்களிடம் அது தெளிவாக இருந்தது. நிறைய வியாபாரம் செய்தவர்களிடம் பெரிதும் மறைந்தது. பிளாட்டும் சைலரும் 2005-ல் பயிற்சி கொடுத்து, பதிலை ரகசியமாக வைத்துக் கேட்டபோது கோப்பைகளில் அந்த இடைவெளி காணாமல் போனது. விலகல் மனித இயல்பு என்று எழுதும் முன் எத்தனை முறை செய்து பழகிய முடிவு அது என்று பாருங்கள்.

#11 கூர்நோக்கு

ஒப்புக்கொள்கிறேன், ஒரு எல்லையோடு. பழகித் திருந்த, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தவறின் விலை சீக்கிரம் தெரிய வேண்டும். ஓய்வூதியம், சிகிச்சை, வீட்டுக் கடன் எல்லாம் ஆயுளில் சில முறை வருபவை. விளைவு பல ஆண்டுகள் கழித்துத் தெரியும். ஏலத்தில் எழுந்தமானத் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எல்லோரும் ஒரே திசையில் தவறினால் அடிபடாது.

டிஃபால்ட், அதாவது ஒருவர் எதுவும் செய்யாவிட்டால் தானாகவே அமலாகும் தேர்வு, அப்படிப்பட்டது. உறுப்பு தானத்துக்கு ஒப்புதல் அளித்தவர்களாகக் கருதப்படுவோர் பற்றி 2003-ல் வந்த ஒப்பீட்டில், தாமாகச் சேர வேண்டிய ஜெர்மனியில் 12 சதவீதம், வேண்டாம் என்றால் விலக வேண்டிய ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். எதுவும் செய்யாதவரை எந்தப் பக்கம் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் இங்கே நின்றுவிடக் கூடாது. ஒப்புதல் பட்டியல் ஒன்று, நடக்கும் தானம் வேறு. ஸ்பெயினின் உயர்ந்த தான விகிதத்துக்கு 1979 சட்டத்தைவிட 1989-ல் தொடங்கிய ஒருங்கிணைப்பு அமைப்பும் மருத்துவமனைகளில் குடும்பத்தாரோடு பேசப் பயிற்சி பெற்றவர்களுமே காரணம் என்று சொல்பவர்கள் பலர். சட்டம் எப்படி இருந்தாலும் அங்கே குடும்பத்தாரைக் கேட்கிறார்கள். டிஃபால்ட் காகிதத்தை மாற்றும். காகிதத்துக்குப் பிறகு இன்னொருவர் முடிவு இருந்தால் விளைவு அங்கே தேங்கும்.

மற்ற சிறு தூண்டல்களின் (கட்டாயப்படுத்தாமல் முடிவை நகர்த்தும் மாற்றங்களின்) அளவையும் குறைத்தே எதிர்பாருங்கள். டெல்லாவிக்னாவும் லினோஸும் 2022-ல் சேர்த்துப் பார்த்த கணக்கு: ஆய்விதழ்களில் வந்தவற்றில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு தூண்டல் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளில், நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து, 1.4. இடைவெளியில் பெரும்பங்கு, நன்றாக வந்ததை மட்டும் வெளியிடும் பழக்கத்தால்.

#12 நாளைக்கணக்கு

காலத்தை யாரும் தொடவில்லை. சீரான தள்ளுபடி வீதம் உள்ளவர் (ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் மதிப்பை ஒரே வீதத்தில் குறைத்துப் பார்ப்பவர்) இன்று போட்ட திட்டத்தை நாளை மாற்ற மாட்டார். மனிதர் மாற்றுகிறார். லெய்ப்சன் 1997-ல் பிரபலமாக்கிய வடிவத்தில், "இப்போது" என்பதைத் தவிர எல்லாவற்றையும் ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். அது 0.7 என்றும், மற்றத் தள்ளுபடி இல்லை என்றும் வையுங்கள். இன்று 100, நாளை 110: மனத்தில் 100-ம் 77-ம். இன்றே வேண்டும். 30-ம் நாள் 100, 31-ம் நாள் 110: 70-ம் 77-ம். பொறுத்திருக்கலாம். 30-ம் நாள் வந்ததும் அதே கேள்வி மறுபடி 100-ம் 77-ம் ஆகிவிடும்.

இதைப் பணத்தை வைத்து அளப்பதில்தான் கோளாறு. நாளை தருவேன் என்பவரை நம்பாதவரும் இன்றே வாங்கிக்கொள்வார். அது அவசரம் இல்லை, அவநம்பிக்கை. மேலும் இன்று கிடைக்கும் பணத்தை இன்றே செலவழிக்க வேண்டியதில்லை. ஆகன்ப்ளிக், நீடர்லே, ஸ்ப்ரெஞ்சர் மூவரும் 2015-ல் பணத்தோடு சலிப்பான வேலையையும் வைத்துச் சோதித்தார்கள். பணத்தில் இந்த விலகல் மிகச் சிறிது, வேலையை ஒத்திப்போடுவதில் தெளிவாக இருந்தது. ஆகவே முயற்சியை வைத்து அளந்து பாருங்கள்: இத்தனை பக்கம் தட்டச்சு, குறிப்பிட்ட நாளில் எவ்வளவு, அதற்கு அடுத்த வாரம் எவ்வளவு என்று ஒரு வாரம் முன்பு கேட்டு, அந்த நாளில் மறுபடி கேளுங்கள். எந்த நாளிலும் ஒரு குறைந்தபட்ச வேலை கட்டாயம் என்று வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வந்து உட்காரும் சிரமமே கணக்கைக் குழப்பும்.

#13 எளியவழி

எல்லா விலகலையும் குறையாகவே எழுதுகிறோம் என்று படுகிறது. ஹெர்பர்ட் சைமன் 1955-லேயே சொன்னார்: வாய்ப்புகளைத் தேடவே நேரமும் கவனமும் செலவாகும், ஆகவே ஒரு வரம்பை வைத்து, அதை எட்டிய முதல் வாய்ப்போடு நிறுத்திக்கொள்வதே மனிதர் செய்வது. தேடும் செலவை மாடலில் போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். எவ்வளவு தேடுவது சிறந்தது என்று கணக்கிடவே இன்னொரு தேடல் வேண்டும்.

எளிய விதி வெல்லும் இடத்துக்கு ஒரு கணக்கு. முதலீட்டைச் சமமாகப் பிரித்துவிடும் விதியை 2009-ல் டிமிகெல், கார்லாப்பி, உப்பால் மூவரும் 14 உகப்பு மாடல்களோடு (சிறந்த பிரிப்பைக் கணக்கிட்டுத் தரும் மாடல்களோடு) 7 தரவுத் தொகுப்புகளில் மோதவிட்டார்கள். எதுவும் தொடர்ந்து வெல்லவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு ஏற்ற அளவுருக்களில், 25 சொத்துகளுக்கு உகப்பு முறை முந்த வேண்டுமென்றால் சுமார் 3,000 மாதத் தரவு வேண்டும். 250 ஆண்டுகள்! உகப்பு மாடலின் கோட்பாட்டில் பிழை இல்லை. அதற்கு ஊட்டும் சராசரியும் மாறுபாடும் மதிப்பீடுகள்தாம். அந்த மதிப்பீட்டுப் பிழையை அது பெருக்கிக் காட்டுகிறது. நான்கு விதிக்கும் பணிந்த ஒருவர் தவறான எண்களோடு பணிந்தால் என்ன லாபம்?

#14 வெண்பலகை

தராசு கேட்டதில் ஒரு பாதி இன்னும் நிற்கிறது: சத்தம். அபாயக் கேள்விகளில் அதே கேள்வியைச் சிறிது இடைவெளிவிட்டு மறுபடி கேட்டால் கால்வாசி அளவில் பதில் மாறுவது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். ஒவ்வொரு பதிலிலும் தனித்தனியாகக் கை தவறுகிறது என்று வைத்தால், 25 சதவீத முரண் வர ஒரு பதிலுக்குத் தவறு வீதம் சுமார் 14.6 சதவீதம்.

இப்போது கடப்பு விதிக்கு நூற்றுக்கு நூறு பணியும் ஒருவரிடம் மூன்று ஜோடிகளைக் கேளுங்கள். அதே தவறு வீதத்தில் அவர் வட்டமாக (முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல், மூன்றாவது முதலாவதைவிட மேல் என்பதுபோல்) பதில் சொல்ல வாய்ப்பு 0.146 × 0.854, அதாவது 12.5 சதவீதம். எட்டில் ஒருவர் "முரணானவர்" ஆகிவிடுவார், ஒரு முரணும் இல்லாமலே. ஆகவே வட்டங்கள் 12 சதவீதம் என்று கண்டால் கடப்பு விதியின் மேல் கை வைக்காதீர்கள். ட்வெர்ஸ்கியின் 1969 ஆய்விலும் 18 பேரில் முன்சோதனையில் சாய்வு காட்டிய 8 பேரைத்தான் எடுத்தார் என்பது மேற்கோள் காட்டும்போது விடுபட்டுப்போகிறது.

அலே வேறு. கை தவறுவது மட்டும் காரணம் என்றால், இரண்டு கேள்விக்கும் தவறு வீதம் ஒன்றாக இருக்கும்வரை, "அ, ஈ" என்பவர்களும் "ஆ, இ" என்பவர்களும் சம அளவில் இருக்க வேண்டும். அலேயின் தொகைகளில் முதல் வகை மிகுதி. அந்தச் சமனின்மையைத்தான் சோதிக்க வேண்டும். மொத்த முரண் சதவீதத்தை அல்ல.

#15 தராசு

என் குறிப்பேட்டில் வரிசை இப்படி ஆகிறது: மறுகேள்வியால் தவறு வீதம், பிறகு சொல்லும் விதம், பிறகு இரண்டு வீச்சுகளில் இழப்பு எடை, கடைசியில் சாராமை. மறுகேள்விகள் எத்தனை வைப்பது? சாராமையை எங்கே வைப்பது?

#16 நிகழ்தகவன்

மறுகேள்விகள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும், ஆனால் இடமும் வலமும் மாற்றிப் போடுங்கள். எப்போதும் இடப்பக்கத்தையே தட்டுபவர்கள் அதில் பிடிபடுவார்கள். கேட்பதை எல்லா வகையிலும் பரவலாக எடுங்கள். எளிதான கேள்விகளை மட்டும் மறுபடி கேட்டால் தவறு வீதம் குறைவாகத் தெரியும்.

சாராமைக்குத் தனிக் குழு. வளைகோடு சொன்னதுபோல் ஒருவருக்கு ஒரு கேள்வி: பாதிப் பேருக்கு முதலாவது, பாதிப் பேருக்கு இரண்டாவது. அப்போது ஆள்வாரியாக "அ, ஈ" என்று எண்ண முடியாது. "அ" எடுத்தவர்களின் வீதத்தையும் "இ" எடுத்தவர்களின் வீதத்தையும் ஒப்பிட வேண்டும். ஆட்கள் போதாமல் ஒருவரிடமே இரண்டையும் கேட்டாக வேண்டும் என்றால், நடுவில் குறைந்தது பத்துக் கேள்விகள் இருக்கட்டும். ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தால் சாவேஜின் அட்டவணையை நாமே அவர் கையில் கொடுத்ததாகிவிடும்.